பாஸ்டர் வீட்டுக்கு மாசம் 5,000: நான் பண்ணின தப்பு

எமர்ஜென்சி ஃபண்ட் வீடியோவுல, "என்கிட்ட அது இல்லாததால இன்னொரு வீட்டுப் பொண்ணு கஷ்டப்பட்டா"ன்னு போற போக்குல சொன்னேன். அந்தக் கதையை இங்க முழுசா எழுதிடறேன்.

2022 டிசம்பர்ல எங்க சர்ச் வாலிபர் குழுவோட மூணு நாள் ஊழியத்துக்குப் போயிருந்தேன். கல்வராயன் மலை அடிவாரத்துல ஒரு சின்ன ஊர். எங்களுக்குச் சாப்பாடு உள்ளூர் பாஸ்டர் வீட்டுல. சி.எஸ்.ஐ. மாதிரி பெரிய திருச்சபைன்னா போதகருக்கு மாசச் சம்பளம் உண்டு. இவர் நடத்துறது தனிச்சபை. முப்பது பேர் வருவாங்க, பெரும்பாலும் கூலி வேலைக்குப் போறவங்க. மழையில வேலை இல்லாத வாரம் காணிக்கைப் பையும் காலி. பாஸ்டரம்மா ஜாக்கெட் தச்சு வர்ற காசுலதான் சபை ஹாலுக்கு வாடகையே போகுது. எங்க பதினோரு பேருக்கும் கோழிக் குழம்பு வச்சாங்க. அந்தக் கோழி கடனுக்கு வாங்கினதுன்னு கிளம்புற அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

திரும்பி வர்ற பஸ்லயே முடிவு பண்ணிட்டேன். அடுத்த மாசத்துல இருந்து 5,000 ரூபாய். "தம்பி, கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார்"னு பாஸ்டர் போன்ல சொன்னப்போ கண்ணு கலங்கிடுச்சு. எத்தனை மாசத்துக்குன்னு நானும் சொல்லல, அவரும் கேட்கல.

பத்து மாசம் அனுப்பினேன். அதுக்கப்புறம் வேலை மாறினதுல ரெண்டு மாசம் சம்பளம் இல்ல. கையில சேமிப்பும் இல்ல. பைக் இ.எம்.ஐ., ரூம் வாடகை எல்லாம் கழுத்தை நெரிக்குது. அனுப்புறதை நிறுத்திட்டேன். சொல்லக் கூச்சமா இருந்ததால பாஸ்டர் போனையும் எடுக்கல. இப்ப எழுதும்போதுகூட வெக்கமா இருக்கு.

என் காசை நம்பி அவங்க என்ன பண்ணியிருந்தாங்கன்னு மறுபடி அங்க போனப்பதான் தெரிஞ்சது. எட்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணை ஒன்பதாவதுல தனியார் மெட்ரிக் பள்ளியில சேர்த்திருக்காங்க. காசு நின்னதும் ஃபீஸ் கட்ட முடியாம பாதி வருஷத்துல பழைய பள்ளிக்கே கூட்டிட்டு வந்துட்டாங்க.

பாதி வருஷம்தானே போச்சுன்னு நினைக்காதீங்க. தமிழ்நாட்டுல 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்ச புதுமைப்பெண் திட்டம் தெரியும்ல? 6ஆம் வகுப்புல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்கு, காலேஜ் முடிக்கிற வரைக்கும் மாசம் 1,000 ரூபாய். மருத்துவப் படிப்புல இருக்கிற 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் இப்படித்தான், 6ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளின்னு காட்டணும். நடுவுல சில மாசம் தனியார் பள்ளின்னு சர்டிஃபிகேட்ல விழுந்துடுச்சு. நான் ஒரு ரூபாய்கூட அனுப்பாம இருந்திருந்தா அந்தப் பொண்ணுக்கு இது ரெண்டுமே கையில இருந்திருக்கும்.

"கொடுக்கிறதுல கணக்குப் பார்க்கக்கூடாது, விசுவாசமா கொடுக்கணும்"னு எங்க குழுவுலயே ஒரு அண்ணன் சொல்வார். எனக்கு இதுல உடன்பாடு இல்ல. நம்ம காசை நம்பி ஒரு குடும்பம் முடிவெடுக்குதுன்னா கணக்குப் பார்த்தே ஆகணும். உங்களால 5,000 முடியும்னு தோணுச்சுன்னா 1,500ல ஆரம்பிங்க. "ரெண்டு வருஷம் அனுப்புறேன், அப்புறம் பேசிக்கலாம்"னு முதல்லயே சொல்லிடுங்க. கேட்கச் சங்கடமாத்தான் இருக்கும், பரவாயில்ல. உங்க எமர்ஜென்சி ஃபண்டுக்கு ஆறு மாசச் செலவைக் கூட்டும்போது இந்த 1,500ஐயும் சேர்த்துக் கூட்டுங்க. நமக்கு வேலை போனாலும் அவங்களுக்கு ஆறு மாசம் போய்க்கிட்டு இருக்கணும்.

வரி பத்தி ஒரு வரி: பாஸ்டரோட ஜிபே நம்பருக்கு அனுப்புற காசுக்கு 80ஜி கிடையாது. புதிய வரிமுறையில இருக்கிறவங்க அதைப் பத்தி யோசிக்கவே வேண்டாம்.

இன்னொண்ணு, என்ன தேவைன்னு பாஸ்டரம்மாகிட்டயும் கேளுங்க. அந்த வீட்டுக் கணக்கு அவங்க கையிலதான் இருக்கு. நான் ரெண்டாவது தடவை போனப்போ, "அவருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நாங்க எங்க போறது தம்பி?"ன்னு கேட்டாங்க. அது எனக்குத் தோணவே இல்ல, நான் அரிசி பருப்பையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். அன்னைக்கே மூணு பேரும் பேங்குக்குப் போனோம். பாஸ்டருக்கு வயசு 43. பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீடு வருஷத்துக்கு 436 ரூபாய், 50 வயசு வரைக்கும் சேரலாம், எப்படி இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம். சுரக்‌ஷா விபத்துக் காப்பீடு வருஷத்துக்கு வெறும் 20 ரூபாய். அடல் பென்ஷன்ல 40 வயசுக்கு மேல சேர முடியாதுங்கிறதால அவருக்கு வழி இல்ல. பாஸ்டரம்மாவுக்கு 35. மாசம் 902 கட்டினா 60 வயசுல இருந்து மாசம் 5,000 வரும். அந்த 902 இப்போ என் பொறுப்பு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குக் கீழ இருந்ததால முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கும் எழுதிக் கொடுத்தோம். இதுக்கு ஒரு நாள் லீவு, கொஞ்சம் ஜெராக்ஸ் செலவு, அவ்வளவுதான். நான் அனுப்பின 50,000 செய்யாததை அந்த ஒரு நாள் செஞ்சது.

பொண்ணு விஷயம் மட்டும் மனசுல உறுத்திக்கிட்டே இருந்தது. மூணு வருஷ டிகிரிக்கு மாசம் 1,000ன்னா 36,000. 2024 ஜூன்ல என் பேர்ல மாசம் 1,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. ஆரம்பிச்சேன், 36 மாசத்துக்கு. அவ காலேஜ் சேர்ற நேரத்துல முடியும். அந்த வீட்டுல யார்கிட்டயும் இதைச் சொல்லல. முழுசா கட்டி முடிச்சப்புறம் சொல்லிக்கிறேன்.