மழையில் கொடுத்த கோப்பை



"திறமை இருந்தால் எந்தக் கதவும் திறக்கும்" என்று நம் பழைய மாணவர் குழுவில் வாரம் ஒருவராவது படம் போடுகிறீர்கள். அதே குழுவில் போன வாரம், பெங்களூரில் அடுக்குமாடிச் சங்கப் பொறுப்பில் இருக்கும் ஒருவர், "வீட்டு வேலை செய்பவர்கள் பெரிய லிஃப்டில் ஏறக்கூடாது" என்ற புது விதியைப் பெருமையாகப் பகிர்ந்தார். பலரும் கட்டைவிரல் காட்டினீர்கள். நான் காட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பாப்வா செவ்கோலம் என்ற பெயரை நம் பாடநூல் எதிலும் நான் பார்த்ததில்லை. 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளை இறக்கிய அதே டர்பனில் வாழ்ந்த இந்திய வம்சாவளிக்காரர். எழுதப் படிக்கத் தெரியாது. கோல்ஃப் மைதானத்தில் பிறர் பையைச் சுமக்கும் கேடி. எல்லோரும் பிடிப்பதற்கு நேர்மாறாகக் கைகளை மாற்றி மட்டையைப் பிடித்தார். ஓலே களிம்பை உருவாக்கிய கிரகாம் வுல்ஃப் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். 1959, 1960, 1964 என மூன்று முறை டச்சு ஓப்பன் வென்றார்.

ஊரில் என்ன நடந்தது? 1963இல் நேட்டால் ஓப்பனை வென்றார். வெள்ளையர்கள் கிளப் கட்டடத்துக்குள் இருந்தார்கள். வென்றவருக்கு வெளியே, மழையில் வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். 1965இல் கேரி பிளேயரையே தோற்கடித்தார். அதன்பின் போட்டிகளில் ஆடவே தடை. 1978இல் வறுமையில் இறந்தார். இவருக்குத் திறமையா குறைவு? வெற்றி அவருடையது, சாவி வேறொருவர் கையில்.

"அது நிறவெறிச் சட்டம் சார், இது பாதுகாப்பு விதி" என்பீர்கள். பாதுகாப்புக்கு வாசலில் காவலாளி இருக்கிறார், கேமரா இருக்கிறது. உள்ளே விட்டு, அடுப்படியையும் குழந்தையையும் நம்பி ஒப்படைத்த பிறகு, நான்கு மாடி ஏறும் அரை நிமிடத்தில் என்ன ஆபத்து? பக்கத்தில் நிற்பதுதான் உங்களுக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கம். அதனால் விதி என்கிறீர்கள்.

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் கேடியாக வளர்ந்து, பிழைப்புக்கு அமெரிக்கா போன கோல்ஃப் ஆசிரியர்களுக்கும் கிளப் முன்வாசல் மூடித்தான் இருந்தது. 1920இல் அமெரிக்க ஓப்பன் நடத்திய டொலிடோ நகர இன்வெர்னஸ் கிளப் அவர்களுக்கு உள்ளே இடம் கொடுத்தது. எந்தச் சட்டமும் அதை வற்புறுத்தவில்லை. உறுப்பினர்கள் முடிவெடுத்தார்கள், அவ்வளவுதான்.

2009இல் இந்தியன் ஓப்பன் வென்ற முனியப்பாவும் பெங்களூரில் கேடியாக இருந்தவர்தான். அவர் கோப்பைக்குக் கைதட்டிவிட்டு, கெலவரப்பள்ளிப் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து உங்கள் வீட்டுக்குப் பாத்திரம் துலக்க வரும் பெண்ணை வேறு லிஃப்டுக்கு அனுப்பாதீர்கள். அவர்களில் சிலர் உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இருவருக்கும் ஒரே கரும்பலகையில்தான் எழுதிப் போட்டேன்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் அந்த விதியை எடுத்துவிட்டு வாருங்கள். கட்டைவிரலை அப்போது காட்டுகிறேன்.