பயிருக்குத் தெரிந்த பசி

மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கு,



1958-இல் ஈரானின் ஷிராஸ் நகரில் மருத்துவர் ஆனந்த பிரசாத்திடம் ஓர் இளைஞரை அழைத்து வந்தார்கள். வயது 21, பார்வைக்குப் பத்து வயதுப் பையன். கிராமத்தில் அவருக்குக் கிடைத்ததெல்லாம் புளிக்காத ரொட்டி. இறைச்சி அரிது, மண் தின்னும் பழக்கமும் இருந்தது. பிகாரின் பக்ஸரில் பிறந்த பிரசாத், அவருக்கிருந்த இரத்தசோகை மட்டும் இந்தக் குள்ளத்தன்மைக்குக் காரணமாக இருக்க முடியாது என்று நினைத்தார். பிறகு எகிப்துக் கிராமங்களில் இப்படிப்பட்டவர்களை ஆராய்ந்து, காரணம் துத்தநாகக் குறை என்று காட்டினார். துத்தநாகம் கொடுத்ததும் ஓராண்டில் ஐந்தாறு அங்குலம் வளர்ந்தவர்கள் உண்டு.

தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; உடலில் சேர விடாது. தட்டு நிறைந்திருந்தும் பிள்ளை வளராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டு நிலைமை தாங்கள் அறியாததல்ல. ஐந்து வயதுக்கு உட்பட்ட நூறு குழந்தைகளில் 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்றது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. அதற்கு முந்தைய ஆய்வில் 27. சத்துணவு கண்ட மாநிலத்தில் இவ்வளவு மெதுவான இறக்கம் வருத்தம் தருகிறது. துத்தநாகம் ஒன்றே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. தாயின் உடல்நிலை, குடிநீர், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு எல்லாம் சேர்ந்தது இது. ஆனால் மற்றவற்றைப் பற்றிப் பேசுகிற அளவுக்குத் துத்தநாகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. செறிவூட்டிய அரிசித் திட்டம் வந்தபோது அதில் கலந்தவை இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12. பேதிக்கு 14 நாள் துத்தநாக மாத்திரை தரவேண்டும் என்ற விதி இருந்தும், பேதி நின்றதும் மாத்திரையும் நின்றுபோகிறது.

நெல் வயலில் இதே துத்தநாகக் குறை வந்தால் கதை வேறு. இலையில் துருப்புள்ளி கண்டதும் உழவர் ஜிங்க் சல்பேட் வாங்க ஓடுகிறார். ஹெக்டேருக்கு 25 கிலோ என்ற பரிந்துரை அவருக்கு மனப்பாடம். அதே வீட்டில் பிள்ளை வளராவிட்டால், "அப்பன் குட்டை, அதான்" என்று ஊர் சொல்லிவிடும். இரண்டு வயதுக்குள் தவறவிட்ட உயரத்தைப் பின்னால் முழுமையாக மீட்பது கடினம் என்பதை அந்தத் தாய்க்கு யாராவது சொல்லியாக வேண்டும்.

வழி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'டிஆர்ஆர் தன் 45' ரகம் 2016-இலேயே தமிழ்நாட்டுக்கும் சேர்த்து வெளியிடப்பட்டது. தீட்டிய பிறகும் அந்த அரிசியில் கிலோவுக்கு 22 மில்லிகிராமுக்கு மேல் துத்தநாகம் உண்டு. வழக்கமான ரகங்களில் 12 முதல் 16 வரைதான். ஆனால் கொள்முதல் நிலையத்தில் சன்னம், பொது என்ற இரண்டே தரம். சத்துள்ள நெல்லும் பொதுக் குவியலில் கலந்துவிட்டால், அதைத் தேடிப் பயிரிட உழவருக்கு என்ன ஆதாயம்?

டெல்டாவில் இரண்டு வட்டாரங்கள் போதும். சம்பாவுக்கு இந்த விதையைக் கொடுத்து, கூடுதல் விலைக்குத் தனியே வாங்கி, தனியே அரைத்து, அங்குள்ள அங்கன்வாடிகளுக்கே அனுப்புங்கள். குழந்தைகளின் உயரம் அங்கே எப்படியும் பதிவேட்டில் ஏறுகிறது. இரண்டு ஆண்டுப் பதிவை மருத்துவக் கல்லூரி ஒன்றிடம் ஒப்படைத்து, முடிவை மக்கள் முன் வையுங்கள்.

நாற்றங்கால் விடும் முன் ஆணை வந்தால் இந்த ஆண்டே தொடங்கிவிடலாம்.