அரசு வளர்த்த பிள்ளையா ஹோண்டா?

ஜப்பானிய கார் நிறுவனங்கள் எல்லாம் அரசு ஊட்டி வளர்த்த பிள்ளைகள், அமெரிக்கர்களைப் பார்த்துப் பிரதியெடுத்தே பேர் வாங்கியவை என்கிறவர்கள் ஹோண்டாவின் வரலாற்றை ஒருமுறையாவது புரட்ட வேண்டும்.

1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் வர்த்தக, தொழில் அமைச்சகம் கார் துறையில் புதியவர்கள் நுழையாதபடி சட்டம் கொண்டுவரப் பார்த்தது. மோட்டார் சைக்கிள் செய்துகொண்டிருந்த சோய்ச்சிரோ ஹோண்டா அதை வெளிப்படையாக எதிர்த்தார். சட்டம் வருமுன் முந்திக்கொள்ள, 1963இல் டி360 சிறு லாரியையும் எஸ்500 காரையும் அவசர அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மசோதா நிறைவேறவே இல்லை. இவரா அரசின் செல்லப்பிள்ளை?

பிரதி என்ற பழி இன்னும் அநியாயம். 1970இல் அமெரிக்கா காற்று மாசுச் சட்டத்தைக் கடுமையாக்கியபோது, அந்த வரம்புகளை எட்டவே முடியாது என்று டெட்ராய்டின் அமெரிக்கக் கார் நிறுவனங்கள் வாதாடின. ஹோண்டா பொறியாளர்கள் சிவிசிசி எஞ்சினைச் செய்தார்கள். பிரதான எரியறையை ஒட்டி ஒரு சிற்றறை. அதில் பெட்ரோல் செறிந்த கலவையைத் தீப்பொறி பற்றவைக்கும். அந்தச் சுவாலை பாய்ந்து, பிரதான அறையில் உள்ள பெட்ரோல் குறைந்த கலவையை எரிக்கும். புகைக்குழாயில் வினையூக்கி மாற்றி இல்லாமலேயே 1975ஆம் ஆண்டுக்கான வரம்பை அது எட்டியது. அதன் உரிமத்தை ஃபோர்டே வாங்கியது. யார் யாரிடம் கற்றார்கள்?

ஹோண்டா சறுக்கியதே இல்லை என்று சொல்ல வரவில்லை. எஞ்சினைக் காற்றால்தான் குளிர்விக்க வேண்டும் என்று நிறுவனர் பிடித்த பிடிவாதம் எச்1300 காரைக் கெடுத்தது. அவரை எதிர்த்து வாதாடியவர்கள் அவருடைய பொறியாளர்களே. அவர் இறங்கிவந்தார், 1972இல் சிவிக் கார் நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினோடு வந்தது.