ஸ்டேஷன்ல கிடக்கிற துப்பாக்கிக்கு எண்ணெய் யார் போடறது?

நெய்வேலி டவுன்ஷிப்பைத் தாண்டி எங்க பக்கம் வந்தா முந்திரித் தோப்பும் மல்லாட்டைக் கொல்லையும்தான். இங்க சில வீட்ல லைசென்சோட பழைய சிங்கிள் பேரல் துப்பாக்கி இருக்கு. எங்க மாமா வீட்லயும் ஒண்ணு. காட்டுப்பன்னியை நம்ம இஷ்டத்துக்குச் சுட முடியாது, 1972 வன உயிரினச் சட்டம் இருக்கு. சத்தம் காட்டி விரட்டத்தான் அது.

தேர்தல் வந்தா துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க. அது நியாயம்தான். 2024-ல் மார்ச் 16 தேர்தல் அறிவிப்பு, ஏப்ரல் 19 ஓட்டு, ஜூன் 4 எண்ணிக்கை. ஆக 80 நாள். எங்களுது கடலூர் மாவட்டம், உப்புக்காத்து. கைவியர்வை பட்ட இரும்பைத் துடைக்காம விட்டா 80 நாள்ல என்னாகும்? மாமா துப்பாக்கி குழலுக்குள்ள புள்ளி புள்ளியாத் துருவோட வந்துச்சு.

சிங்கிள் பேரலையாவது தேய்ச்சுச் சரி பண்ணிடலாம். தட்டு சுடற போட்டிக்குன்னு பழைய செமி ஆட்டோமேட்டிக் வச்சிருக்கிறவங்க பாடு இன்னும் கஷ்டம். ஜான் பிரவுனிங் 1900-ல் காப்புரிமை வாங்கின ஆட்டோ-5 ஒண்ணை மெக்கானிக் ஒருத்தர் பிரிச்சுக் காட்டினார். சுட்டதும் குழலே பின்னால போய் வரும். மேகசின் குழாய் மேல ஸ்பிரிங்கும் உராய்வு வளையமும் இருக்கு. தோட்டா வேகத்துக்குத் தக்கபடி வளையத்தை மாத்திப் போடணும். அங்க துரு ஏறினா ஓட்டம் கெட்டுடும். பறக்கிற 110 மில்லிமீட்டர் தட்டை அப்புறம் எங்க அடிக்கிறது?

தேசிய ரைபிள் சங்க உறுப்பினரா போட்டிக்குப் போறவங்களுக்கு விலக்கு உண்டு. புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்துப் பிருத்விராஜ் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரைக்கும் போனார். அப்படிப்பட்டவங்களுக்கு விலக்கு வேணும்தான். ஆனா போட்டிக்குப் போகாம, தாத்தா துப்பாக்கியைக் காப்பாத்தி வச்சிருக்கிறவர் என்ன செய்வார்?

"துப்பாக்கியே எதுக்கு?"ன்னு பட்டணத்து நண்பர்கள் கேக்கலாம். குறையறது நல்லதுதான். 2019 திருத்தத்துல ஒருத்தருக்கு மூணுன்னு இருந்ததை ரெண்டாக்கினாங்க, அதுவும் சரி. ஆனா நம்பருள்ள துப்பாக்கியை வாங்கி வச்சா, பொறுப்பும் கூடவே வரணும்.

எனக்கு விலக்கு வேணாம். ரசீதுல துப்பாக்கியோட நிலையை எழுதுங்க. ஈரம் படாத இடத்துல வைங்க. மாசம் ஒருதரம், உங்க கண் முன்னாலயே உரியவர் துடைச்சு எண்ணெய் போட விடுங்க. பத்து நிமிஷ வேலை. துருப்பிடிச்ச துப்பாக்கி சுடறவருக்கும் ஆபத்து, பக்கத்துல நிக்கிறவருக்கும் ஆபத்து.