கப்பல் நமக்காகக் காத்திருக்காது!

வெள்ளிக்கிழமை மத்தியானம் 12 மணி. இட்லிப் பொடிக்கு உளுந்து வறுத்துக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள்.

“அண்ணி, ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பறீங்க?”

“ராத்திரியா? நாளைக்குத்தானேம்மா பயணம்! டிக்கெட்டிலே சனிக்கிழமைன்னு போட்டிருக்கே.”

“மணி என்ன போட்டிருக்குன்னு பாருங்க அண்ணி.”

பார்த்தேன். 00.50. அதாவது, நள்ளிரவு தாண்டி 50 நிமிடம். சனிக்கிழமை 00.50 என்றால் வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டிய விமானம்! நாங்களோ சனிக்கிழமை ராத்திரி கிளம்புவதாக நினைத்து, கார்க்காரரிடமும் அப்படியே சொல்லி வைத்திருந்தோம். அடுப்பை அணைத்தேன். உளுந்து கருகினதுகூடத் தெரியவில்லை.

இது 2024 ஆகஸ்டில் நடந்தது. சிங்கப்பூர் போய், அங்கிருந்து சொகுசுக் கப்பலில் பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு நான்கு இரவில் திரும்புவதாக ஏற்பாடு. நாலு பேர்: நான், என்னவர், பிளஸ் டூ முடித்த மகன், 73 வயது மாமியார். பணம் சேர்க்க எங்களுக்கு மூன்று வருஷம் ஆயிற்று. “இவ்வளவு செலவு எதுக்கு, விமானத்திலேயே பினாங்கு போயிட்டு வந்துடலாமே” என்று நானே கேட்டதுண்டு. ஆனால் அத்தைக்குக் கப்பலில்தான் போக வேண்டும்.

காரணம் இருக்கிறது. 1957-ல் அத்தைக்கு ஆறு வயது. அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனார். கப்பல் தள்ளி நிற்குமாம். கரையிலிருந்து தோணியில்தான் போய் ஏற வேண்டுமாம். தோணி சின்னதாகிக்கொண்டே போனது மட்டும் அத்தைக்கு நினைவிருக்கிறது. அவர் திரும்பி வரவேயில்லை. அங்கேயே ஒரு கடையில் கணக்கெழுதி, அங்கேயே காலமானார். “அவர் போன தண்ணியிலே ஒரு தடவை போய்ப் பார்க்கணும்” என்பது அத்தையின் ஆசை.

அன்று அந்த போன் வராமல் போயிருந்தால்? எங்கள் டிக்கெட் சனிக்கிழமை காலையிலேயே செல்லாக் காசாகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்குக் கப்பல் போயிருக்கும். சகோதரிகளே, நான் பட்ட அவதியை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தேதியோடு கிழமையையும் எழுதுங்கள்

இரவு 12 அடித்தால் தேதி மாறிவிடும். நம் ஊரிலிருந்து சிங்கப்பூருக்குப் பல விமானங்கள் நள்ளிரவையொட்டியே கிளம்புகின்றன. டிக்கெட் வாங்கியதும் ஒரு காகிதத்தில், “வெள்ளி மாலை 6 மணி, வீட்டிலிருந்து கார், இரவு 10 மணி, திருச்சி விமான நிலையம், 12.50, விமானம், சனி காலை, சிங்கப்பூர்” என்று வீட்டு வாசலிலிருந்து தொடங்கி எழுதி, காலண்டர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விட வேண்டும். மயிலாடுதுறையிலிருந்து திருச்சி போக எங்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்

கப்பல் கிளம்பும் அன்றே போய் இறங்கினால் ஓட்டல் செலவு மிச்சம் என்று தோன்றும். அந்த மிச்சம் வேண்டவே வேண்டாம். 4 மணிக்குக் கப்பல் என்றால் 4 மணி வரை ஏறலாம் என்று அர்த்தமில்லை. பெரும்பாலான கப்பல்களில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே கதவை அடைத்துவிடுவார்கள். மழையோ மூடுபனியோ விமானத்தைத் தாமதமாக்கினால் கப்பல் பொறுக்காது. கட்டின பணமும் திரும்பாது.

நேர் விமானம் கிடைக்காமல், சென்னையில் இறங்கி வேறு விமானம் மாறுவதாக இருந்தால் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பாகிறது. மலிவாக இருக்கிறதே என்று தனித்தனியாக வாங்கினால், இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான்.

ஓட்டல் அறை: ஒரு பாடம்

ஒரு நாள் முன்னதாகப் போனோம், சரி. ஆனால் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஓட்டலில் போய் நின்றால், “அறை பிற்பகல் 3 மணிக்குத்தான்” என்றார்கள். ஓட்டல்காரர் மேல் தப்பில்லை, எங்கேயும் அப்படித்தான். ராத்திரி தூங்காத அத்தையை வைத்துக்கொண்டு அஞ்சரை மணி நேரம்! பெட்டிகளை அங்கேயே ஒப்படைத்துவிட்டு, சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் உட்கார்ந்திருந்தோம். அத்தைக்குக் கால் வீங்கிவிட்டது.

வயசானவர்களோ கைக்குழந்தையோ கூட வந்தால், விமானம் காலையில் இறங்குகிறது என்று முன்பே எழுதிச் சீக்கிரம் அறை கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் முந்தின இரவுக்கும் சேர்த்து அறை எடுத்துவிடுங்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான் தங்க வேண்டும் என்பதில்லை. லிட்டில் இந்தியாவில் தங்கினால் இட்லி, சாதம் கிடைக்கும். மொழிக் கஷ்டமும் இல்லை.

எந்தத் துறைமுகம்?

சிங்கப்பூரில் பயணிகள் கப்பல் நிற்கும் இடங்கள் இரண்டு. ஒன்று 2012-ல் திறந்த மரீனா பே குரூஸ் சென்டர். மற்றொன்று ஹார்பர்ஃபிரண்டில் இருக்கும் சிங்கப்பூர் குரூஸ் சென்டர். வெறுமனே ‘கப்பல் துறைமுகம்’ என்று டாக்சிக்காரரிடம் சொன்னால் போதாது. உங்கள் கப்பல் சீட்டில் எது போட்டிருக்கிறதோ அதை எழுதிக் காட்டுங்கள். எம்.ஆர்.டி. ரயிலிலும் போகலாம். மரீனா பேக்கு ‘மரீனா சவுத் பியர்’ நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும். ஹார்பர்ஃபிரண்டுக்கு லிட்டில் இந்தியாவிலிருந்து மாறாமலே போகலாம். ஆனால் பெரிய பெட்டிகளோடு ரயில் தோதுப்படாது. கப்பல்காரர்களே வண்டி ஏற்பாடு செய்தால் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். நாலு பேர் கொண்ட குடும்பத்துக்குத் தனி டாக்சியே கட்டுப்படியாகும். சாதாரண டாக்சியில் நாலு பேர்தான் ஏறலாம். பெட்டிகள் அதிகமிருந்தால் பெரிய வண்டியாகக் கேளுங்கள்.

இளம் தாய்மார்கள் கவனிக்க: சிங்கப்பூரில் 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த குழந்தைகளைத் தனியார் வாடகைக் காரில் ஏற்றினால் அதற்குரிய குழந்தை இருக்கை கட்டாயம். டாக்சிக்கு மட்டும் விலக்கு உண்டு.

விசாவும் கசகசாவும்

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம்: நாம் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறோம், விமானத்தில் ஒரு முறை, கப்பல் திரும்பும்போது ஒரு முறை. ஆகவே பல முறை நுழைய அனுமதிக்கும் விசாதானா என்று படித்துப் பாருங்கள். வருகை அட்டை என்று ஒன்று, வந்திறங்குவதற்கு மூன்று நாட்களுக்குள் கம்ப்யூட்டரில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுத்து ஏமாறாதீர்கள். நாங்கள் போனபோது மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் நமக்கு விசா தேவைப்படவில்லை. இந்தச் சலுகைகள் மாறக்கூடியவை; டிக்கெட் வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாமான்களில் கசகசா வேண்டாம். சிங்கப்பூரில் அதைப் போதைப் பொருள் சட்டத்தின் கண் கொண்டு பார்க்கிறார்கள். குருமாப் பொடியில் அரைத்துப் போட்டிருந்தாலும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

மருந்து எப்போதும் கையில்

அன்று அவசரத்தில் பெட்டி கட்டியபோது, அத்தையின் இன்சுலினைப் பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டேன். திருச்சியில் பெட்டியை எடை போடும்போதுதான் ஞாபகம் வந்தது. வரிசையிலேயே உட்கார்ந்து, எல்லோர் எதிரிலும் புடவைகளைக் கலைத்து எடுத்தேன். வெட்கம் பார்த்தால் முடியுமா? விமானத்தின் அடிப்பகுதியில் போகும் பெட்டியில் இன்சுலின் உறைந்து வீணாகலாம். டாக்டர் சீட்டோடு கைப்பையில்தான் இருக்க வேண்டும். கப்பலிலும் பெரிய பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொண்டு, சில மணி நேரம் கழித்தே அறைக்கு அனுப்புகிறார்கள். ஆகவே மருந்து, ஒரு மாற்றுத்துணி, குழந்தையின் பால் புட்டி எல்லாம் கையோடு.

கர்ப்பிணிகள் 24 வாரத்தை எட்டிவிட்டால் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றமாட்டார்கள். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கும் பொதுவாக அனுமதியில்லை. தலைசுற்றல் வரும் உடம்பானால், கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்து அறையைக் கேளுங்கள், ஆட்டம் குறைவு. வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். இஞ்சி முரப்பா எனக்குக் கைகொடுத்தது. சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பலில் பரவும் வாந்திபேதிக் கிருமிக்குக் கையில் தடவும் திரவம் மட்டும் போதாது.

திரும்பும் நாள்

கப்பல் காலையில் கரை சேர்ந்தாலும் உடனே இறங்கிவிட முடியாது. தளம் தளமாக அழைப்பார்கள். பெட்டி தேட வேண்டும். குடியேற்றச் சோதனை உண்டு. பிற்பகலுக்கு மேல் கிளம்பும் விமானமாகப் பாருங்கள். எங்களோடு வந்த ஒரு குடும்பம் காலை பத்தரை விமானத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு நின்றது பரிதாபமாக இருந்தது.

கடைசி இரவே பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். என்னவர் ரொம்பச் சமர்த்தாக எல்லாத் துணியையும் மடித்து வைத்து வெளியே தள்ளிவிட்டார். காலையில் பார்த்தால் கட்டியிருந்த கைலியைத் தவிர வேறில்லை! மகனுடைய பேன்ட் ஒன்றை, பொத்தான் போடாமல், மேலே சட்டையை இழுத்துவிட்டு மாட்டிக்கொண்டு சிங்கப்பூர் மண்ணில் இறங்கினார்.

இன்னொன்று. புக்கெட் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். கரையில் இறங்கியதும் செல்போன் தானாக மாறிவிடும். கப்பல் கடிகாரம் மாறாமல் இருக்கலாம். செல்போனை நம்பினால் ஒரு மணி நேரம் பிந்திவிடுவோம். கப்பல் நேரத்துக்கு வைத்த கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் பினாங்கு தெரிந்தது. அத்தை காலையிலிருந்தே மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மலை, வீடுகள், ஸ்வெட்டன்ஹாம் துறை என்று ஒவ்வொன்றாகப் பெரிதாகிக்கொண்டு வந்தன. இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் லிட்டில் இந்தியாவுக்கு மெதுவாக நடத்திக்கொண்டு போனோம். குயின் தெரு மகா மாரியம்மன் கோயில் 1833-ல் கட்டியது. “அப்பா இங்கே வந்து கும்பிட்டிருப்பார் இல்லே?” என்றார் அத்தை. “வராம இருப்பாரா அத்தை” என்றேன். அர்ச்சனை செய்ய அவருடைய அப்பா பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். குருக்கள் திருப்பிக் கேட்டார். இரண்டாம் தடவை உரக்கச் சொன்னார்.

கப்பலுக்குத் திரும்ப இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஆனாலும் அத்தையே, “நேரமாச்சு தாயி, கிளம்பு. அது நமக்காக நிக்காது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

போன் செய்து எங்களைக் காப்பாற்றிய நாத்தனாருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு புடவை வாங்கி வந்தேன். உங்கள் பயணங்களில் நீங்கள் கற்ற பாடங்களையும் எழுதுங்கள், சகோதரிகளே. அடுத்து போகிறவர்களுக்கு உதவும்.