நாஞ்சில் நாட்டு மடைகளில் யாருக்கு வாக்கு?

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் பேச்சிப்பாறை அணை பாசனத்திற்காகத் திறக்கப்படும்போது, மலர் தூவும் படம் நாளிதழ்களில் வெளிவருகிறது. திருவிதாங்கூர் அரசு 1906-இல் கட்டி முடித்த இவ்வணையின் நீர், பெருஞ்சாணி நீரோடு சேர்ந்து, நாஞ்சில் நாட்டின் கன்னிப்பூ, கும்பப்பூ வயல்களை நனைக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்ற முறையீடும் தவறாமல் எழுகிறது. அந்த முறையீட்டை எழுப்பும் உரிமை யாருக்கு உண்டு என்பதை எவரும் கேட்பதில்லை.

2000-ஆம் ஆண்டின் விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், நீர்ப் பங்கீட்டில் மக்களுக்கு இடமளிப்பதாகச் சொல்லிக் கொண்டுவரப்பட்டது. ஆனால் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் உறுப்புரிமை நிலவுடைமையோடு பிணைக்கப்பட்டுள்ளது. நாற்று நடுபவருக்கும் களை பறிப்பவருக்கும் அங்கு வாக்கில்லை. மடை திறக்கத் தாமதமானால் முதலில் கூலி இழப்பவர்கள் அவர்களே.

அவர்களிடம் நிலம் ஏன் இல்லை? அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளில் மனிதர்களை அடிமைகளாக விற்று வாங்கிய ஆவணங்கள் உள்ளன. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல் ஒழிக்கப்பட்டது. விடுதலையோடு ஒரு சென்ட் நிலமும் வரவில்லை. சென்னை மாகாணத்தில் 1892 முதல் வழங்கப்பட்ட பஞ்சமி நிலமும் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது. 1956-இல் குமரி தமிழகத்தோடு இணைந்தது. பிற மாவட்டங்களில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடுகிறோம். இங்கு மீட்பதற்கே அப்படியொரு நிலம் இல்லை.

தமிழகத்தின் பல ஏரிப் பாசன ஊர்களில் மடை திறந்து வயலுக்கு வயல் நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகளில் பெரும்பாலோர் தலித்துகள். எப்போது திறப்பது, யாருக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்தவர்கள் வேறு. (மடையன் என்ற வசைச்சொல்லே இத்தொழிலிலிருந்து பிறந்தது என்பாரும் உண்டு.) புதிய சட்டம் அந்தப் பழைய பிரிவினையைத்தான் எழுத்தில் வைத்திருக்கிறது.

2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு நால்வர் அளவே. தேர்தல் கட்சிகளின் மௌனத்திற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வயல்கள் வீட்டுமனைகளாக மாறுகையில் உடைமையாளருக்கு விலையேனும் கிடைக்கிறது. கூலி பெற்றவருக்கு அதுவும் இல்லை.

வாய்மொழிக் குத்தகையாளருக்கும் வேளாண் தொழிலாளருக்கும் சங்கத்தில் வாக்குரிமையும், ஆட்சிக் குழுவில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடும் வேண்டும். இதற்கு தில்லியின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை: பாசனம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்.