திரை இரண்டு பக்கமும் வேண்டும்

மனநல மருத்துவரும் ஆலோசகரும் தங்களிடம் வருபவரின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில் அதை நோயாளியின் உரிமையாகவே சொல்கிறது. சரி, எதிரே உட்கார்ந்து கேட்பவரின் சொந்த வாழ்க்கை? அவருடைய வீடு, பிள்ளைகள், செல்பேசி எண்? இணையத்தில் இவற்றை யார் காப்பது? இதைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் உள்ள புன்னைக்காயலுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய தொடர்பு உண்டு. 16ஆம் நூற்றாண்டில் அந்த முத்துக்குளித்துறையில் தங்கித் தமிழ் கற்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் அன்றிக் அடிகளார், பாவசங்கீர்த்தனத்துக்கென்றே தமிழில் ஒரு நூல் எழுதினார். அது 1580ல் கொச்சியில் அச்சானது. மனதில் கிடப்பதை ஒருவரிடம் சொல்லி இறக்கி வைப்பதும், கேட்டவர் அதை வெளியே விடாமல் இருப்பதும் அந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல.

அதே நூற்றாண்டில் இத்தாலியின் மிலானில், பேராயர் கார்லோ பொரோமேயோ பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு நடுவில் தடுப்பு வைக்கச் சொன்னார். முறைகேடு நடக்கக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. ஆனால் அதற்கு இன்னொரு பயனும் உண்டு. சொல்பவர் முகம் மட்டுமல்ல, கேட்பவர் முகமும் மறைகிறது. அவர் யார், எந்த வீட்டுக்காரர் என்பதெல்லாம் அந்த நேரத்துக்கு ஒதுங்கி நிற்கிறது.

சிறிய ஊர்களில் இப்படி ஒதுங்கி நிற்பது கஷ்டம். யார் யாருக்கு மச்சான், யார் யாருக்குச் சம்பந்தி என்று ஊருக்கே தெரியும். அதனால்தான் புன்னைக்காயல் போன்ற ஊரிலிருந்து ஒருவர் மனக்கஷ்டத்தைச் சொல்லத் தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏறுகிறார். அந்தத் தூரமே அவருக்கு ஒரு திரை. செல்பேசி அந்தத் திரையைக் கிழித்துவிட்டது. ஆலோசகர் கொடுத்த எண்ணைச் சேமித்தால் போதும், வாட்ஸ்அப்பில் அவர் குடும்பப் படம் தெரியும். ட்ரூகாலரில் ஊரார் அவரை எப்படிச் சேமித்திருக்கிறார்கள் என்பது தெரியும். கூகுள் பே வங்கிக் கணக்கில் உள்ள பெயரையே காட்டும்.

தெரிந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். 2016ல் அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவருக்கு நடந்ததைப் பாருங்கள். அவருடைய நோயாளிகளை அவருக்கே நண்பர்களாகப் பரிந்துரைத்தது முகநூல். அதோடு நிற்காமல், அந்த நோயாளிகளை ஒருவருக்கொருவரும் பரிந்துரைத்தது! அவர் தன் தொலைபேசி எண்ணை முகநூலுக்குக் கொடுத்திருந்தார். நோயாளிகளின் செல்பேசிகளிலும் அதே எண் இருந்திருக்கும். அதுவே காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. மருத்துவரின் எண் கசிந்தால் நோயாளியின் ரகசியமும் சேர்ந்து கசியும் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

தென் மாவட்டங்களில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஆலோசகர் தன் சாதிச் சங்கத்தின் பதிவு ஒன்றுக்கு விருப்பம் போட்டிருக்கிறார் என்று வையுங்கள். வேறு சாதியில் காதலித்து வீட்டில் அடிபட்ட பெண் அதைப் பார்த்துவிட்டால் அவரிடம் வாய் திறப்பாளா? ஆலோசகர் உண்மையில் நியாயமானவராகவே இருக்கலாம். ஆனால் அவள் திரும்ப வர மாட்டாள். ஏன் வரவில்லை என்பது அவருக்குத் தெரியவும் தெரியாது.

‘சிகிச்சை தருபவர் யார் என்று அறிய நோயாளிக்கு உரிமை இல்லையா?’ என்பது நியாயமான கேள்வி. படிப்பு, பதிவு எண், அனுபவம், கட்டணம் எல்லாம் திறந்தே இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்களும் மருத்துவர் தன் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும் என்கின்றன. தொழில் திறந்த புத்தகமாக இருக்கட்டும். வீடு அப்படி இருக்க வேண்டியதில்லை.

சரி, என்னதான் செய்வது? தொழிலுக்குத் தனி எண், தனி வங்கிக் கணக்கு. சமூக வலைத்தளங்களுக்குத் தொழில் எண்ணைக் கொடுக்காமல் இருப்பது, தொடர்புப் பட்டியலை ஏற்ற அனுமதிக்காமல் இருப்பது. பள்ளிச் சீருடையில் இருக்கும் பிள்ளைகளின் படங்களைப் பொதுவில் போடாமல் இருப்பது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தன் பெயரைத் தானே தேடிப் பார்ப்பது. நோயாளியின் பக்கத்தை வேடிக்கை பார்க்காமல் இருப்பதும் இதில் சேர்த்திதான்.

ஆனால் எல்லாச் சுமையையும் தனி ஆள் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. சொற்பச் சம்பளத்தில் கிராமம் கிராமமாகப் போகும் ஆலோசகரைச் சொந்த எண்ணைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அந்தரங்கத்தைக் காத்துக்கொள் என்றால் எப்படி? 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையில் அழைப்பவர் சுற்றுவது 14416 என்ற பொது எண்ணைத்தான். யாருடைய சொந்த எண்ணும் தேவைப்படவில்லை. வேலைக்கு வைக்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் தொண்டு நிறுவனமும் குறைந்தபட்சம் ஒரு சிம் கார்டாவது வாங்கித் தரலாமே!

உளவியலும் சமூகப்பணியும் படிக்கும் மாணவர்கள் வேலை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் நோயாளி நாளை தேடப்போவது இன்று போடும் பதிவுகளைத்தான்.